நிலவறைக்குள் இருவர்

1937 நவம்பர் 11 அன்று, முதல் உலகப்போர் ஓய்ந்த நாளின் நினைவாக, லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸ் நிலையத்திலிருந்து பிபிசி ஒரு நாடகத்தை ஒளிபரப்பியது. ஆர். சி. ஷெரிஃப் எழுதிய 'ஜர்னீஸ் எண்ட்' என்பது அதன் பெயர். பிபிசியின் தொலைக்காட்சிச் சேவை தொடங்கி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஜார்ஜ் மோர் ஓஃபெரல் மூன்று அங்க நாடகத்தை ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கியிருந்தார். கேப்டன் ஸ்டான்ஹோப்பாக ரெஜினால்ட் டேட் நடித்தார். எல்லாம் நேரலை. பதிவு செய்து வைக்கும் வசதி அன்று கிடையாது என்பதால் சில நிழற்படங்களைத் தவிர அந்த ஒளிபரப்பில் எதுவும் மிஞ்சவில்லை. வெளியே நடக்கும் போரைக் காட்டுவதற்கு, ஆஸ்திரிய இயக்குநர் பாப்ஸ்ட் ஜெர்மனியில் 1930இல் எடுத்த 'வெஸ்ட்ஃப்ரண்ட் 1918' படத்திலிருந்து சில துண்டுகளை ஒட்டிக்கொண்டார்கள். பிரிட்டிஷ் வீரர்களின் நினைவு நாளில், பிரிட்டிஷ் பார்வையாளருக்குப் போர்க்களத்தைக் காட்டித் தந்தது பழைய எதிரி நாட்டுப் படம். இந்த வேடிக்கையை அன்று எத்தனை பேர் கவனித்தார்களோ.

அந்தத் துண்டுகள் தேவையில்லை என்பதே என் எண்ணம். ஷெரிஃபின் நாடகம் ஒரு முறைகூட நிலவறையை விட்டு வெளியே வருவதில்லை. பிரான்ஸின் சான் காந்தான் அருகே, பதுங்குகுழிக்கு அடியில் தோண்டிய ஓர் அறை. ஒரு மேசை, கட்டில்கள், போத்தல்களில் செருகிய மெழுகுவர்த்திகள், மேலே ஏறிப் போகும் படிகள். காலம் 1918 மார்ச் 18 முதல் 21 வரை. ஜெர்மன் படையின் பெருந்தாக்குதல் தொடங்கப்போகும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்கள். மேலே நடப்பதெல்லாம் ஓசையாகவும் செய்தியாகவும்தான் நமக்கு வந்து சேர்கிறது. ஷெரிஃப் கிழக்கு சர்ரே படைப்பிரிவில் அதிகாரியாக இருந்து 1917இல் பாஷண்டேல் களத்தில் காயம்பட்டவர். போருக்குப் பின் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதியவர். 1928 டிசம்பரில் ஜேம்ஸ் வேல் இயக்கத்தில் இது முதலில் மேடையேறியபோது இருபத்தொரு வயது லாரன்ஸ் ஒலிவியர் ஸ்டான்ஹோப்பாக நடித்தார். 1988இல் பிபிசி இதை மீண்டும் எடுத்தபோது ஜெரமி நார்தம் அந்த வேடத்தை ஏற்றார். ஒடுங்கிய அறை, மங்கல் வெளிச்சம், நெருக்கத்தில் தெரியும் முகங்கள் என்று தொலைக்காட்சிக்காகவே எழுதியது போல இருக்கிறது இந்த நாடகம். மேடையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு நடிகரின் கண்ணிமை துடிப்பது தெரியாது. நான் எடுத்துக்கொண்ட காட்சி முழுவதும் கண்ணைப் பற்றியது.

இரண்டாம் அங்கத்தில் வரும் அந்தக் காட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஹிபர்ட் இளம் லெப்டினன்ட். கண்ணுக்கு மேலே நரம்புவலி பொறுக்க முடியவில்லை, மருத்துவரைப் பார்த்துவிட்டுப் பின்னணிக்குப் போகிறேன் என்று கேப்டனிடம் வருகிறான். தாக்குதலுக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இவனை அனுப்ப வேண்டாம் என்று ஸ்டான்ஹோப் மருத்துவரிடம் ஏற்கெனவே சொல்லிவைத்துவிட்டான். ஹிபர்ட் மீறிக் கிளம்புகிறான், ஸ்டான்ஹோப் தடுக்கிறான், கைத்தடியால் ஹிபர்ட் அடிக்க ஓங்குகிறான். ஸ்டான்ஹோப் துப்பாக்கியை எடுக்கிறான். களத்தைவிட்டு ஓடியவன் என்ற அவமானத்தோடு சாவதைவிட, துப்பாக்கி தவறுதலாக வெடித்துச் செத்தான் என்ற பெயர் உனக்கு நல்லது என்கிறான். யோசிக்க அரை நிமிடம் தருகிறான். ஹிபர்ட் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான்; சுடு என்கிறான், மேலே மட்டும் என்னால் போக முடியாது என்கிறான். நேரம் முடிகிறது. ஸ்டான்ஹோப் துப்பாக்கியை இறக்கிவிட்டு, நீ அசையாமல் நின்றாயே என்று தோளில் தட்டுகிறான். ஹிபர்ட் உடைந்து அழுகிறான். அதன் பிறகுதான் ஸ்டான்ஹோப் பேசுகிறான்: எனக்கும் இதே நிலைதான், விஸ்கி இல்லையென்றால் நானும் இப்படித்தான் கிடப்பேன், மேலே இருக்கிற அத்தனை பேரும் இதே பயத்தோடுதான் நிற்கிறார்கள், நீ போய்விட்டால் அவர்கள் முகத்தை எப்படிப் பார்ப்பாய், வா, இன்று காவல்பணிக்கு நாம் இருவரும் சேர்ந்தே போவோம். ஹிபர்ட் தங்குகிறான்.

சாவுக்குப் பயந்தவன் ஒருவன், துப்பாக்கி முனையில் நின்றுகொண்டு 'சுடு' என்கிறான். அவன் பயந்தது வெறும் சாவுக்கு என்றால் அந்த இடத்தில் பணிந்திருக்க வேண்டும். பணியவில்லை. ஆகவே துப்பாக்கி அங்கே வேலை செய்யவில்லை. அவனைத் திரும்ப மேலே அழைத்துப் போனது கேப்டன் தன் பயத்தை ஒப்புக்கொண்டதுதான். ஸ்டான்ஹோப் கையில் இருந்த ரிவால்வர் அன்றைய இராணுவச் சட்டத்தின் சுருக்கம். 'ஓடினால் சுடுவோம்' என்பதே அந்தச் சட்டம் சிப்பாயிடம் சொன்ன முதலும் கடைசியுமான சொல். அந்தச் சொல் பயந்த மனிதனிடம் தோற்றுப்போவதை ஷெரிஃப் அரை நிமிடத்தில் காட்டிவிடுகிறார். போர் நாடகங்கள் கோழைத்தனத்தைப் பற்றிச் சொல்லியிருப்பவற்றில் மிகவும் ஆழமானது இது என்று நான் கருதுகிறேன். இந்த உரையில் நிறுவ முயல்வதும் இதைத்தான்.

உடனே ஒரு மறுப்பு எழும். மிரட்டல் வேலை செய்யவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள், அந்த அரை நிமிடத்தில் நின்று காட்டியதால்தானே ஹிபர்ட்டுக்குத் தன்மேல் நம்பிக்கை வந்தது, ஸ்டான்ஹோப்பும் அதைத்தானே பாராட்டினான் என்று கேட்கலாம். காட்சியின் வரிசையைப் பார்த்தால் அந்த வாசிப்பு நிற்பதில்லை. துப்பாக்கி இறங்கிய பிறகும் ஹிபர்ட்டின் முடிவு மாறவில்லை, அழுகைதான் வருகிறது. அவனுடைய வலி பொய் என்று முழுவதும் சொல்லிவிடவும் முடியாது. ஷெரிஃபே களத்தில் இருந்தபோது நரம்புவலியால் அவதிப்பட்டவர். தான் பட்ட நோயை, தன் நாடகத்தில் கோழை என்று பெயர் வாங்குபவனுக்குக் கொடுத்திருக்கிறார். இன்னொன்று: ஹிபர்ட் அதன் பிறகு வீரனாக மாறிவிடுவதும் இல்லை. கடைசி நாள் காலையில் மற்றவர்கள் எல்லாம் மேலே போன பிறகும் அவன் தண்ணீர் குடித்துக்கொண்டு தாமதிக்கிறான். சமையல்காரன் மேசனையும் கூட்டிக்கொண்டு போ என்று சொல்லித்தான் ஸ்டான்ஹோப் அவனை அனுப்ப வேண்டியிருக்கிறது. மிரட்டல் அவனைத் திருத்தியிருந்தால் இந்தத் துணை தேவைப்பட்டிருக்காது.

வீரம், கோழைத்தனம் பற்றி நம் மொழியில் வேரூன்றிய ஒரு கணக்கு உண்டு. காயம் மார்பில் பட்டதா முதுகில் பட்டதா என்று தேடிப் பார்க்கும் புறநானூற்றுத் தாயை நாம் அறிவோம். வேலும் வாளும் எதிரெதிரே மோதும் களத்தில் அந்தக் கணக்குக்குப் பொருள் இருந்தது. 1914இல் தொடங்கிய போரில் பிரிட்டிஷ் வீரர்கள் பட்ட காயங்களில் பாதிக்கும் மேற்பட்டவை பீரங்கிக் குண்டுகளாலும் சிறுபீரங்கிகளாலும் வந்தவை. கண்ணுக்குத் தெரியாத தொலைவிலிருந்து வந்து தலைக்கு மேலே வெடிக்கும் குண்டுக்கு முன்பக்கம் ஏது, முதுகு ஏது? வீரன் செய்ய வேண்டியது குழிக்குள் உட்கார்ந்து காத்திருப்பது. நாடகத்துக்கு ஷெரிஃப் முதலில் யோசித்த பெயர்களில் ஒன்றே 'காத்திருத்தல்' என்ற பொருள் தருவது. எதுவும் செய்ய முடியாமல் காத்திருக்கும்போது பயம் எங்கும் வடிவதில்லை, உள்ளேயே ஏறிக்கொண்டு போகிறது. அதே போரில் களமருத்துவராக இருந்த லார்ட் மோரன் 1945இல் வெளியிட்ட நூலில், துணிவு என்பது ஒவ்வொருவருக்கும் வங்கியில் இருக்கும் வைப்புத்தொகை மாதிரி, எடுக்க எடுக்கத் தீரும் என்றார். ஸ்டான்ஹோப் மூன்று ஆண்டுகளாக எடுத்துக்கொண்டே இருப்பவன். அவன் குடிக்கும் விஸ்கியைக் குணக்கேடு என்று படிப்பவர்கள் நாடகத்தைப் பாதிதான் படித்திருக்கிறார்கள்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1914 ஆகஸ்ட் முதல் 1920 வரை பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றங்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மரண தண்டனைகள் விதித்தன. நிறைவேற்றப்பட்டவை 346. அதில் 266 படையைவிட்டு ஓடியதற்காக, 18 கோழைத்தனத்துக்காக, 37 கொலைக்காக. மீதி பிற குற்றங்களுக்காக. அதாவது பத்தில் ஒன்பது பேரை விட்டுவிட்டார்கள். இதை இரக்கத்துக்குச் சான்றாகக் காட்டும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. ஆனால் அந்தப் பத்தாவது ஆளை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். தண்டனையை உறுதிசெய்யும் முன் மேலதிகாரிகளிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று, அவனுடைய பட்டாலியனில் ஒழுங்கு எப்படி இருக்கிறது என்பது. ஒழுங்கு தளர்ந்த பிரிவாக இருந்தால், ஒருவன் சுடப்பட வேண்டிய தேவை கூடுகிறது. பல நேரங்களில் சுடும் குழுவையும் அவனுடைய சொந்தப் பிரிவிலிருந்தே எடுத்தார்கள். தண்டனை அந்த மனிதனின் குற்றத்தை அளந்து தரப்பட்டதாகச் சொல்ல முடியவில்லை. பார்த்துக்கொண்டிருப்பவர்களின் பயத்தை அளந்து தரப்பட்டிருக்கிறது. ஒரு பயத்தைக் கொண்டு இன்னொரு பயத்தை அடக்கலாம் என்ற இந்த நம்பிக்கையைத்தான் நிலவறைக் காட்சி சோதித்துப் பார்க்கிறது.

நாடகத்தின் மேல் சொல்லப்படும் மிகக் கனமான குறை வேறு. ஹிபர்ட் ஓர் அதிகாரி. அவனுக்குக் கிடைத்தது நான்கு சுவருக்குள் ஒரு மிரட்டல், பிறகு ஒரு தோள்தட்டல், பிறகு ஒரு வாய் விஸ்கி. சாதாரண சிப்பாய்க்கு இதில் எது கிடைத்தது? ஷெரிஃபின் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் தனியார் பள்ளிகளில் படித்தவர்கள். சமையல்காரன் மேசனும் ஓரிரு சிப்பாய்களும் சிரிப்பூட்டவும் செய்தி சொல்லவும் வந்துபோகிறார்கள். வரலாறும் இந்தக் குறைக்கே துணை நிற்கிறது. அந்த 346 பேரில் அதிகாரிகள் மூவர் மட்டும். அதிலும் ஒருவர் சுடப்பட்டது கொலைக்காக. மற்ற இருவரும் எரிக் பூல், எட்வின் டயட். முன்னவர் 1916 டிசம்பரிலும் பின்னவர் 1917 ஜனவரியிலும் சுடப்பட்டார்கள். இந்தக் குறையை நான் முழுதாக ஏற்கிறேன். ஏற்ற பிறகும் என் வாதம் தளர்வதாகத் தோன்றவில்லை. ஹிபர்ட்டுக்குக் கிடைத்த பேச்சு அவன் வர்க்கத்துக்குக் கிடைத்த சலுகை என்றால், அதே பேச்சு மற்றவர்களுக்குக் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஷெரிஃப் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவர் காட்டிய காட்சிதான் நம்மைக் கேட்கவைக்கிறது.

இன்னொரு பக்கத்திலிருந்து வரும் எதிர்வாதத்துக்கு 'பிளாக்காடர் கோஸ் ஃபோர்த்' தொடர் குரல் கொடுத்திருக்கிறது. ரிச்சர்ட் கர்ட்டிஸும் பென் எல்ட்டனும் எழுதி 1989இல் பிபிசியில் வந்த ஆறு பகுதி நகைச்சுவைத் தொடர் அது. அதன் நாயகன் கேப்டன் பிளாக்காடர் முழுநேரக் கோழை. முன்னால் போகாமல் தப்புவதற்கு ஆறு வாரமும் ஆறு வழி தேடுகிறான். ஒரு பகுதியில் தளபதி மெல்ச்செட்டின் செல்லப் புறாவைச் சுட்டுவிட்டதற்காக இராணுவ நீதிமன்றம் அவனுக்கு மரண தண்டனை விதிக்கிறது. கடைசிப் பகுதியில் மூக்கில் பென்சிலைச் செருகிக்கொண்டு பைத்தியமாக நடித்துப் பார்க்கிறான். இந்தத் தொடரை மெச்சுபவர்களின் வாதம் நேரடியானது: அறிவுள்ளவன் ஓடத்தான் பார்ப்பான், கடமை என்பது மேலே உட்கார்ந்திருக்கும் முட்டாள்கள் கீழே இருப்பவர்களுக்குப் போட்ட விலங்கு, ஆகவே கோழைத்தனமே அங்கே தெளிவு. சிரிப்பின் வேகத்தில் இதை ஒப்புக்கொள்ளத் தோன்றும். தலைமையைப் பற்றி ஷெரிஃபும் இதற்குக் குறைவாகச் சொல்லிவிடவில்லை. அவருடைய நாடகத்தில் ஒரு திடீர்த் தாக்குதலை இருட்டும்வரை தள்ளிவைக்காததற்கு, மேலதிகாரிகளின் இரவு விருந்து நேரம்தான் காரணமோ என்று ஸ்டான்ஹோப் கசந்து கேட்கிறான். அந்தத் தாக்குதலில் சக அதிகாரி ஆஸ்பர்ன் சாகிறான், அவனோடு ஆறு சிப்பாய்களும். ஆனால் பிளாக்காடர் தொடரின் கடைசி நிமிடங்களை நினைத்துப் பாருங்கள். எல்லா வழியும் அடைபட்ட பிறகு அவன் தன் கூட்டாளிகளோடு ஏணியருகே நிற்கிறான். அதுவரை அடி முட்டாள்களாகத் தெரிந்த லெப்டினன்ட் ஜார்ஜும் சிப்பாய் பால்ட்ரிக்கும் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்கிறார்கள். தொடர் முழுவதும் அவர்களைக் கேலி செய்துவந்தவன் அந்த ஒரு தருணத்தில் கேலி செய்வதில்லை. எல்லோருக்கும் நல்லதிர்ஷ்டம் சொல்லிவிட்டு ஏறுகிறான். ஐந்தே முக்கால் பகுதி ஓடத் துடித்தவனின் கதை, பயத்தை ஒருவருக்கொருவர் ஒப்புக்கொண்ட மனிதர்கள் சேர்ந்து ஏறும் இடத்தில் முடிகிறது. நகைச்சுவையும் சுற்றி வந்து ஷெரிஃப் வந்த அதே இடத்துக்குத்தான் வந்திருக்கிறது. அவர்களுக்கு வேறு வழி இருந்ததா என்று கேட்டால், இல்லை. அதனால்தான் அதைக் கடமையின் வெற்றி என்று நான் சொல்லவில்லை.

2006இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சுடப்பட்டவர்களின் விவகாரத்தை முடித்துவைத்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அதற்கு முன் 1993இல் பிரதமர் ஜான் மேஜர் மன்னிப்புக்கு மறுத்திருந்தார். 1998இலும் அரசு மறுத்தது. இராணுவக் கோப்புகள் எழுபத்தைந்து ஆண்டு மூடப்பட்டிருந்து, தொண்ணூறுகளில் திறக்கப்பட்டதும் கிளர்ச்சி வலுத்தது. கடைசியில் 2006ஆம் ஆண்டின் ஆயுதப் படைகள் சட்டம் 306 பேருக்கு மன்னிப்பு வழங்கியது. கொலைக்காகச் சுடப்பட்டவர்கள் அதில் இல்லை. நல்ல காரியம், தாமதமான காரியம். ஆனால் அதே சட்டத்தின் அதே பிரிவு, இந்த மன்னிப்பு தீர்ப்பையோ தண்டனையையோ பாதிக்காது என்றும் சொல்கிறது. தண்டனை சரியில்லை, தீர்ப்பு இருக்கட்டும் என்ற இந்த ஏற்பாட்டில் ஒரு தயக்கம் தெரிகிறது. மன்னிப்புக்குக் கிளர்ந்தவர்களின் வாதமும் பெரும்பாலும் மருத்துவ வாதமாகவே இருந்தது: அவர்கள் ஷெல் ஷாக் (குண்டுவெடிப்பு அதிர்ச்சி) நோயாளிகள், கோழைகள் அல்ல. அந்தப் பெயரை சார்லஸ் மையர்ஸ் 1915இல் மருத்துவ இதழில் எழுதியபோதே அது பாதி விளக்கம்தான். ஷெல் ஷாக்கை ஆராய 1920இல் அமைத்த சவுத்பரோ குழு இரண்டு ஆண்டு விசாரித்து, கோழைத்தனத்தையும் நோயையும் பிரிக்கும் கோட்டை உறுதியாகப் போட முடியாமல் திணறியது. எல்லோரையும் நோயாளியாக்கினால் சுடப்பட்டவர்களின் பெயர் துலங்கும். ஆனால் நோயில்லாமல் பயந்தவனைச் சுடலாம் என்ற கோட்பாடு அப்படியே பத்திரமாக இருக்கும். ஹிபர்ட் இந்த இடைவெளியில் நிற்கிறான். அவன் முழு நோயாளியும் அல்லன், முழுக்க நடிப்பவனும் அல்லன். எந்த மருத்துவச் சான்றும் அவனைக் காப்பாற்றாது. அவனைச் சுடக்கூடாது என்று சொல்வதற்கு, சுடச் சொல்பவனும் அவனைப் போன்றவனே என்ற ஒரே காரணம்தான் இருக்கிறது.

அப்படியானால் படை எப்படி நிற்கும், ஒருவனை விட்டால் எல்லோரும் ஓடமாட்டார்களா என்று தளபதிகள் அன்று கேட்டார்கள். இன்றும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி, ஏனென்றால் பதுங்குகுழியில் ஒருவன் போனால் அவனுடைய காவல்முறை பக்கத்திலிருப்பவன் தலையில் விழும். ஸ்டான்ஹோப் நாடு, அரசர், கொடி என்று எதையும் பேசாமல் பக்கத்திலிருப்பவனைப் பற்றியே பேசுவதும் அதனால்தான். இந்தக் கேள்விக்கு விடை அந்தப் போரிலேயே கிடைத்துவிட்டது. ஆஸ்திரேலியப் படையினருக்கும் நூற்றுக்கு மேற்பட்ட மரண தண்டனைகள் விதிக்கப்பட்டன. ஒன்றைக்கூட நிறைவேற்ற ஆஸ்திரேலிய அரசு அனுமதிக்கவில்லை. அதே சேற்றில், அதே பீரங்கிக்குக் கீழே, அந்தப் படை கடைசிவரை போரிட்டது. அவர்களிடையே படையைவிட்டு நழுவியவர்கள் அதிகம் என்று பிரிட்டிஷ் தலைமைத் தளபதி ஹேக் குறைபட்டுக்கொண்டது உண்மை. அணி உடையவில்லை என்பதும் உண்மை. எர்னஸ்ட் தர்ட்டில் போன்ற தொழிற்கட்சி உறுப்பினர்கள் ஆண்டுக்கணக்கில் வற்புறுத்தி, 1930இல் கோழைத்தனத்துக்கும் படையைவிட்டு ஓடுவதற்குமான மரண தண்டனையை பிரிட்டன் எடுத்துவிட்டது. நாடகம் லண்டனில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. நாடகத்தால் சட்டம் மாறியது என்று சொல்ல ஆதாரமில்லை, சொல்லவும் வேண்டாம். அடுத்த உலகப்போரை, இதைவிட நீண்ட போரை, பிரிட்டிஷ் படை அந்தத் தண்டனை இல்லாமலே நடத்தி முடித்தது.

சட்டத்தின் கையில் இருந்த ஒரு கோப்போடு நிலவறைக் காட்சியை ஒப்பிட்டு நிறுத்திக்கொள்கிறேன். மேற்கு யார்க்ஷர் படைப்பிரிவின் சிப்பாய் ஹாரி ஃபார் 1915இல் ஷெல் ஷாக்குக்காக ஐந்து மாதம் மருத்துவமனையில் இருந்தவர். 1916 செப்டம்பரில் சோம் களத்தில் முன்னணிக்குப் போக முடியாது என்று நின்றுவிட்டார். அக்டோபர் 2 அன்று விசாரணை. அவருக்காக வாதாட ஆளில்லை. சிகிச்சை அளித்த மருத்துவர் காயம்பட்டுக் கிடந்ததால் சாட்சி சொல்ல வரவில்லை. அவருடைய கேப்டன் எழுதிக்கொடுத்த கருத்து கோப்பில் இருக்கிறது: இவருடைய நரம்புகளை எது குலைத்தது என்று தன்னால் சொல்ல முடியவில்லை; ஆனால் குண்டுவீச்சில் நிதானம் இழப்பவர், மற்றவர்களிடமும் பீதியைக் கிளப்பக்கூடியவர்; அந்த நேரத்தைத் தவிர நடத்தையும் குணமும் மிக நன்று. அதை எழுதிய கேப்டனும் அதே சோம் களத்தில் நின்றவர். ஸ்டான்ஹோப்புக்குத் தெரிந்த அத்தனையும் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்; நரம்புகளைக் குலைத்தது எது என்பது உட்பட. அவருக்கு முன்னால் இருந்தது ஒரு படிவம். அதில் எழுதுபவரின் பயத்தைக் கேட்கும் இடம் எதுவும் இல்லை. அக்டோபர் 18 காலையில் ஃபார் சுடப்பட்டார். கண்ணைக் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.